வாசகர் கேள்வி-பதில்: வீட்டு ரூட்டரில் டிஎன்எஸ் மறைகுறியாக்கம்

வீட்டு ரூட்டரிலேயே டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் கேள்விகளை, மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்வது பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விதமான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: வங்கித் தளமானாலும் செய்தித் தளமானாலும் முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிகிறது. எல்லாம் மறைகுறியாக்கத்தில்தான் போகிறது என்றால், டிஎன்எஸ்ஸில் தனியாக மறைப்பதற்கு என்ன இருக்கிறது? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

பதில்: அந்தப் பூட்டு, நீங்கள் ஒரு தளத்தோடு பேசத் தொடங்கிய பிறகு நடப்பதைக் காக்கிறது. பேசத் தொடங்குவதற்கு முன்பாகவே உங்கள் கைபேசியோ கணினியோ ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருக்கிறது: இந்தப் பெயருடைய தளம் எந்த எண் முகவரியில் இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் இதை வடிவமைத்தபோது, ஒன்றையொன்று அறிந்த ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களுமே பெரும்பாலும் இணையத்தில் இருந்தன. ஆகவே கேள்வியும் விடையும் எந்த மறைப்பும் இல்லாமல் 53-ஆம் போர்ட் (தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) வழியே போய் வந்தால் போதும் என்று அமைந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலான வீடுகளில் அது அப்படியேதான் நடக்கிறது.

என் வீட்டு ரூட்டரிலிருந்து வெளியே போகும் தகவல் பொட்டலங்களை ஓர் இரவு பிடித்துப் பார்த்தேன். 11 மணி 40 நிமிடத்துக்கு ஒரு மருத்துவமனையின் பெயர், இரண்டு நிமிடம் கழித்து ஒரு மருந்துக் கடையின் பெயர், அதற்குப் பிறகு நகைக்கடன் தரும் ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நேரத்தோடு வரிசையாக, எழுத்துக்கு எழுத்து படிக்கக்கூடிய நிலையில் அவை இருந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தோம், என்ன எழுதினோம் என்பது அதில் இல்லைதான். ஆனால் அந்த மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்ப்பவருக்கு ஒரு குடும்பத்தின் கவலை என்னவென்று புரிந்துகொள்ள அதற்குமேல் எதுவும் தேவையில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததையும் இந்தப் பட்டியல் சொல்லிவிடும் என்பதால்தான் இதை நான் சிறிய விஷயமாக நினைப்பதில்லை.

பார்ப்பதோடு நிற்காமல், வழியில் இருப்பவர் விடையை மாற்றவும் முடியும். இல்லாத தளத்தின் பெயரைத் தட்டினால் விளம்பரப் பக்கம் ஒன்று வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது மாற்றப்பட்ட விடை. விடையை மாற்றுவதற்கு நடுவழியில் நிற்க வேண்டியதுகூட இல்லை. கேள்வி போகும் இடத்தையே மாற்றிவிடலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றியதோடு, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத ரூட்டர்களுக்குள்ளும் புகுந்து அதே வேலையைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, பாதிக்கப்பட்ட கணினிகள் 40 லட்சத்துக்கும் மேல் என்று அறிவித்தது. ஆகவே கீழே சொல்லப்போகும் எதையும் தொடங்குமுன் உங்கள் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். ரூட்டருக்குள்ளேயே அந்நியர் இருந்தால் மறைகுறியாக்கம் எதையும் காக்காது.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். டிஎன்எஸ்ஸை மறைத்த பிறகும், நீங்கள் தொடர்பு கொள்ளும் எண் முகவரி உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். பெரும்பாலான தளங்களில் இணைப்பின் முதல் கைகுலுக்கலில் தளத்தின் பெயரும் இன்னமும் வெளிப்படையாகவே போகிறது. அதையும் மறைக்கும் முறை வந்துவிட்டது என்றாலும் எல்லாத் தளங்களும் அதற்கு மாறிவிடவில்லை. எளிதாகத் திரட்டக்கூடிய ஒரு பட்டியலை மூடுகிறோம், விடையை வழியில் மாற்ற முடியாமல் செய்கிறோம். இந்த இரண்டும்தான் கிடைக்கும் பயன். இவற்றுக்காகவே செய்யலாம் என்பது என் கருத்து.

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இணையச் சேவை நிறுவனம் பொருத்திய பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக வாங்கிய ஒரு ரூட்டரும் வைத்திருக்கிறேன். அதில் இதை எப்படி அமைப்பது? தவறாகச் செய்தால் இணைப்பே போய்விடுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஐயா, சொந்த ரூட்டர் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. நிறுவனங்கள் தரும் பெட்டிகள் பலவற்றில் டிஎன்எஸ் எண்ணை மாற்றலாமே தவிர, மறைகுறியாக்கத்துக்கான வசதி இருக்காது. சிலவற்றில் எண்ணைக்கூட மாற்ற முடியாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரூட்டரில் பொது டிஎன்எஸ் சேவைகளின் எண்களான 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ எழுதிவிட்டால் மறைகுறியாக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது என்பதைத் தவிர அதில் எந்த மாற்றமும் இல்லை; போகும் வழியெல்லாம் அது முன்போலவே திறந்துதான் கிடக்கும்.

உண்மையான மறைகுறியாக்கத்துக்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. 2016-இல் தரப்படுத்தப்பட்ட டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ், 853 என்ற தனிப் போர்ட்டைப் பயன்படுத்துகிறது. 2018-இல் வந்த டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ், சாதாரண இணையப் பக்கங்கள் போய்வரும் அதே 443-ஆம் போர்ட்டில் அவற்றோடு கலந்து போகிறது. மறைக்கும் வலிமையில் இரண்டும் சமம். முதலாவதை ரூட்டரில் அமைப்பது எளிது, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் 853-ஐ ஒரு நிறுவனம் அடைத்துவிட்டால் அது நின்றுவிடும். இரண்டாவதை அப்படித் தனியே பிரித்து அடைப்பது கடினம். உங்கள் ரூட்டரில் எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள்; இந்தத் தேர்வில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஏசுஸ் ரூட்டர் என்றால், உலாவியில் 192.168.50.1 அல்லது பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியைத் திறந்து உள்ளே போய், வேன் (WAN, வெளி இணைப்பு) என்ற பிரிவில் இன்டர்நெட் கனெக்ஷன் பக்கத்தைத் திறந்தால், டிஎன்எஸ் பிரைவசி புரோட்டோகால் என்ற வரி இருக்கும். அதில் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் அதன் கீழே சில கட்டங்கள் விரியும். முகவரிக் கட்டத்தில் சேவையின் எண்ணையும், ஹோஸ்ட்நேம் கட்டத்தில் அதன் பெயரையும் எழுதிக் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, குவாட்9 சேவைக்கு எண் 9.9.9.9, பெயர் என்பது டிஎன்எஸ், குவாட்9, நெட் என்ற மூன்றையும் புள்ளியிட்டுச் சேர்த்தது (dns.quad9.net). இரண்டாவது வரியாக அதே பெயரோடு 149.112.112.112 என்ற எண்ணையும் சேர்த்துவிட்டால், ஒன்று எட்டாதபோது மற்றொன்று விடை தரும். கடைசியாகப் பக்கத்தின் அடியில் உள்ள அப்ளை பொத்தானை அழுத்த மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் தன் சான்றிதழைக் காட்டும்போது, அதில் உள்ள பெயரும் நீங்கள் எழுதிய பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் ரூட்டர் அவரை நம்ப வேண்டும். பெயர் சரிபார்க்கப்படாத மறைகுறியாக்கம், உறையை நன்றாக ஒட்டி யார் கேட்டாலும் கொடுத்துவிடுவதைப் போன்றது. அதே பக்கத்தில் ஸ்ட்ரிக்ட், ஆப்பர்ச்சுனிஸ்டிக் என்ற இரண்டு நிலைகள் காணப்படும். முதலாவது, சான்று பொருந்தாவிட்டால் கேள்வியையே அனுப்பாது. இரண்டாவது, முடிந்தால் மறைக்கும், முடியாவிட்டால் சத்தமில்லாமல் பழைய திறந்த முறைக்குத் திரும்பிவிடும். இணைப்பு நிற்காது என்பதற்காகப் பலர் இரண்டாவதை வைத்துக்கொள்கிறார்கள். தடுக்க நினைப்பவருக்கு 853-ஐ அடைத்தாலே வேலை முடிந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் முதலாவதே சரி. முதல் நாள் மட்டும் இரண்டாவது நிலையில் ஓடவிட்டு, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரூட்டர் மென்பொருளை நிறுவிய ரூட்டர் என்றால் சாஃப்ட்வேர் பக்கத்தில் பட்டியலைப் புதுப்பித்து, ஹெச்டிடிபிஎஸ் டிஎன்எஸ் பிராக்ஸி என்ற நிரலின் லூசி பதிப்பை (உலாவிப் பக்கத்திலேயே அமைக்கக்கூடியது) நிறுவினால் போதும். அது ரூட்டருக்குள்ளேயே 5053-ஆம் போர்ட்டில் காத்திருந்து, வீட்டுக் கருவிகளின் கேள்விகளை வாங்கி மறைத்து அனுப்பும். மைக்ரோடிக் கருவிகளில் 2020-இல் வந்த 6.47 பதிப்பு முதல் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் வசதி உண்டு. ஆனால் சான்றிதழைச் சரிபார்க்கும் கட்டத்தை நீங்களே தேர்வு செய்து, அதற்கான மூலச் சான்றிதழையும் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

இணைப்பு போய்விடுமா என்று கேட்டீர்கள். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் பக்கத்தைத் திறக்க வெளி இணைப்போ டிஎன்எஸ்ஸோ தேவையில்லை என்பதால், எது தவறினாலும் உள்ளே போய்ப் பழையபடி மாற்றிவிடலாம்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் ஸ்ட்ரிக்ட் நிலையில்தான் வைத்திருந்தேன். பத்து நாள் நன்றாக ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு எந்தத் தளமும் திறக்கவில்லை. வைஃபை மட்டும் முழுமையாகக் காட்டுகிறது. டிஎன்எஸ் மறைகுறியாக்கத்தை நிறுத்தினால் உடனே சரியாகிவிடுகிறது. ரூட்டர் பழுதா? (மதுரை வாசகர்)

பதில்: ரூட்டர் பழுதில்லை, அதன் கடிகாரம்தான் காரணமாக இருக்க வேண்டும். இதே தொல்லையில் ஒரு காலைப்பொழுதை நானும் இழந்திருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அன்று ஊழியர் வந்து கண்ணாடி இழைக் கம்பியைச் சோதித்து, ஒளி அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு ரூட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மே 5 என்று இருந்தது. நாங்கள் அப்போது இருந்தது டிசம்பரில்.

வீட்டு ரூட்டர்கள் பலவற்றில், கணினியில் உள்ளதைப்போல் கடிகாரத்தை ஓடவைக்கும் சிறிய மின்கலம் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். மீண்டும் எழும்போது, தயாரித்தவர்கள் உள்ளே எழுதிவைத்த ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து அது எண்ணத் தொடங்கும். சாதாரணமாக இதனால் தொல்லை இல்லை. எழுந்ததும் நேரம் சொல்லும் சேவகத்தை (சர்வரை) கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தச் சேவகம் ஒரு பெயராக அல்லவா எழுதப்பட்டிருக்கிறது? அந்தப் பெயருக்கு எண் தெரிய டிஎன்எஸ்ஸைக் கேட்க வேண்டும். டிஎன்எஸ்ஸைக் கேட்க மறுமுனையின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழோ இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. பல மாதங்களோ ஆண்டுகளோ பின்தங்கிய கடிகாரத்துக்கு அது இன்னும் தொடங்கவே இல்லாத சான்றிதழாகத் தெரிகிறது. ஆகவே ரூட்டர் அதை மறுக்கிறது. நேரம் தெரியாமல் டிஎன்எஸ் இல்லை, டிஎன்எஸ் இல்லாமல் நேரம் தெரியாது என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடுகின்றன.

வெளியே வர எளிய வழி, நேரச் சேவகத்தைப் பெயராக எழுதாமல் எண்ணாகவே எழுதிவிடுவது. ரூட்டரின் அட்மினிஸ்ட்ரேஷன் அல்லது சிஸ்டம் பக்கத்தில் என்டிபி சர்வர் என்ற கட்டத்தில் 162.159.200.1 என்று எழுதுங்கள். அது கிளவுட்ஃபிளேரின் நேரச் சேவகம். நேர மண்டலம் இந்தியாவுக்குரியதாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பிறகு ரூட்டரின் மின்இணைப்பைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, மீண்டும் செருகிப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்; மின்வெட்டு வரும்போது நீங்கள் ஊரில் இல்லாமல், வீட்டில் முதியவர்கள் மட்டும் இருக்கக்கூடும். ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய வெட்டுகளில் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் அது வெட்டைத் தாண்டவைக்குமே தவிர மூலக் காரணத்தைத் தீர்க்காது.

கேள்வி: அப்படியானால் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்ததை இன்னொரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கிறோம், அவ்வளவுதானே? யாரை நம்புவது? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: சரியான கேள்வி, அம்மா. விடை சொல்பவருக்குக் கேள்வி தெரியாமல் இருக்க முடியாது; ஆகவே நம்பிக்கையை நாம் ஒழிக்கவில்லை, இடம் மாற்றுகிறோம். வேறுபாடு எங்கே என்றால், உங்கள் பெயர், முகவரி, மாதக் கட்டண ரசீது எல்லாம் வைத்திருக்கும் நிறுவனத்திடம் பெயர்ப் பட்டியலும் சேராமல் போகிறது. புதியவரை எந்த நாளும் மாற்றலாம் என்பதும் உண்டு.

குவாட்9, 2017-இல் தொடங்கி, 2021 முதல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை. கேட்பவரின் எண் முகவரியைச் சேமிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது, தீங்கான தளங்களின் பெயர்களுக்கு விடை தர மறுக்கிறது. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று 1.1.1.1 என்ற சேவையைத் தொடங்கியது. பதிவுகளை 25 மணி நேரத்துக்குள் அழிப்பதாகச் சொல்கிறது. கூகுளின் 8.8.8.8 இவற்றுக்கெல்லாம் மூத்தது, 2009-இல் வந்தது; கேட்பவரின் முழு எண் முகவரியை 24 முதல் 48 மணி நேரம் வரை தற்காலிகப் பதிவில் வைத்திருப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். என் வீட்டில் குவாட்9 வைத்திருக்கிறேன்; விளம்பரத் தொழிலில் இல்லாதவரிடம் இந்தப் பட்டியல் இருப்பது நல்லது என்பதுதான் காரணம். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 பொருத்தமாக இருக்கும். அது தீநிரல் தளங்களோடு வயது வந்தோருக்கான தளங்களையும் தடுக்கிறது. அதற்கான ஹோஸ்ட்நேம் வேறு என்பதைக் கவனித்து எழுதுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்து முடித்தேன். சோதனைத் தளத்தில் பார்த்தால் இன்னமும் என் இணையச் சேவை நிறுவனத்தின் சேவகமே காட்டுகிறது. மனைவியின் கணினியில் சரியாக இருக்கிறது, என் கைபேசியில் மட்டும் இல்லை. (சேலம் வாசகர்)

பதில்: சோதித்துப் பார்த்ததற்குப் பாராட்டுகள், பலர் அப்ளை பொத்தானோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு கருவியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐபிவி6 என்ற புதிய எண் முகவரி முறையை. நீங்கள் மாற்றியது பழைய ஐபிவி4 பக்கத்தில். இந்திய நிறுவனங்கள் பல இப்போது ஐபிவி6-உம் சேர்த்தே தருகின்றன. அதன் வழியாக நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்ணும் ரூட்டருக்கு வந்து, ரூட்டர் அதை அப்படியே கைபேசிக்கு அறிவித்துவிடுகிறது. கைபேசி ரூட்டரைக் கேட்காமல் நேரே நிறுவனத்தைக் கேட்கிறது. ரூட்டரின் ஐபிவி6 பக்கத்தில் டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறும் தேர்வை நிறுத்தி, வீட்டுக் கருவிகளுக்கு ரூட்டரின் முகவரி மட்டுமே போகும்படி செய்யுங்கள். பிறகு கைபேசியின் வைஃபையை அணைத்து மீண்டும் இணைத்தால்தான் புதிய எண்ணை அது வாங்கும்.

அதிலும் சரியாகாவிட்டால், அந்தக் கைபேசி நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெட்டி உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. இன்னொரு வகையும் உண்டு: தொலைக்காட்சியில் செருகும் சில கருவிகள் ரூட்டர் சொல்வதைக் கேட்காமல் 8.8.8.8-ஐயே கேட்கும்படி செய்யப்பட்டிருக்கும். 53-ஆம் போர்ட்டுக்குப் போகும் எதையும் ரூட்டரிடமே திருப்பிவிடும் ஒரு விதியை ஃபயர்வாலில் எழுதினால் அவையும் வழிக்கு வரும். ஓபன்டபிள்யூஆர்டியில் நான் மேலே சொன்ன நிரல் இதைத் தானே செய்துவிடுகிறது.

கேள்வி: வேகம் குறையுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உணரும் அளவுக்குக் குறையாது. முதல் கைகுலுக்கலுக்குச் சில பத்து மில்லிநொடிகள் கூடுதலாகும். அதன்பின் அதே இணைப்பு திறந்தே இருக்கும், ஒருமுறை கேட்ட விடையை ரூட்டரும் நினைவில் வைத்திருக்கும்.

கேள்வி: தடை செய்யப்பட்ட தளங்கள் இதனால் திறக்குமா? விபிஎன்னும் இதுவும் ஒன்றா? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. விபிஎன் உங்கள் முழுப் போக்குவரத்தையும் வேறு வழியில் அனுப்புகிறது. இது பெயர் கேட்பதை மட்டும் மறைக்கிறது. தளத்தின் பெயரை முதல் கைகுலுக்கலில் பார்த்தோ எண் முகவரியைப் பார்த்தோ தடுக்கும் இடத்தில் இதனால் எந்த மாற்றமும் வராது.

கேள்வி: மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீட்டு ரூட்டரில் செய்தது அவள் கைபேசிக்கு உதவாதே, அதற்கு என்ன வழி? (நாகர்கோவில் வாசகி)

பதில்: உண்மைதான், ரூட்டரில் செய்தது அந்த ரூட்டரின் வைஃபையோடு முடிந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாக் கைபேசிகளிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் பிரைவேட் டிஎன்எஸ் என்ற வரி இருக்கிறது. அதில் மூன்றாவது தேர்வான புரொவைடர் ஹோஸ்ட்நேம் என்பதைத் தொட்டு, குவாட்9-இன் பெயரை எழுதிச் சேமித்தால் விடுதி வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் அது வேலை செய்யும். எண்ணை எழுதினால் ஏற்காது, பெயர்தான் வேண்டும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் இந்த வசதி உண்டு, அதற்கு அந்தந்தச் சேவையின் செயலியையோ சுயவிவரக் கோப்பையோ நிறுவ வேண்டும்.

ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் கைபேசி எண் கேட்டு உள்ளே விடும் வைஃபைகளில், அந்த நுழைவுப் பக்கம் திறக்காமல் போகலாம். அந்த நேரத்துக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் நிலைக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே போனதும் மறக்காமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அவள் கைபேசியில் மட்டும் இணையம் வராவிட்டால், உங்கள் ரூட்டரில் 853-ஆம் போர்ட்டை அடைக்கும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் அந்த நிரலை நிறுவிய வீடுகளில் 53-ஐத் திருப்பிவிடும் அதே தேர்வு 853-ஐயும் சேர்த்து அடைத்திருக்கும், பட்டியலிலிருந்து 853-ஐ மட்டும் நீக்கிச் சேமித்தால் கைபேசி சரியாகிவிடும்.